யாரால் காத்திருக்க முடியாது?
செவிலியர் தேர்வுகளில் முன்னுரிமைக் கேள்விகள்: ஓர் ஆய்வு

நர்சிங் போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களை மருந்தளவுக் கணக்கு அவ்வளவாகப் பயமுறுத்துவதில்லை. ஃபார்முலா தெரிந்தால் போட்டுவிடலாம். பயமுறுத்துவது வேறு வகை: "கீழ்க்கண்ட நான்கு நோயாளிகளில் செவிலியர் முதலில் யாரைப் பார்க்க வேண்டும்?" நான்கு பேருக்கும் ஏதோ ஒரு சிக்கல் இருக்கும். நான்கு பேரையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். நான்கு ஆப்ஷனும் சரி போலவே தோன்றும்.

பாடப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்களும் இங்கே மதிப்பெண்ணை விடுகிறார்கள். கல்லூரித் தேர்வு அவர்களைப் பழக்கியது பட்டியலுக்கு. "நீரிழிவு நோயின் சிக்கல்களை எழுதுக" என்று வந்தால் சர்க்கரை தாழ்ந்துபோதல், கீட்டோன் மிகுதல், கண், சிறுநீரகம், நரம்பு, பாதம் என்று வரிசையாக எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். அந்தப் பட்டியலில் எது நிமிடக் கணக்கில் மூளையைக் கெடுக்கும், எது பத்து ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் என்று வினாத்தாள் கேட்பதில்லை. முன்னுரிமைக் கேள்வி கேட்பது அதை மட்டுமே. நோயின் பெயர் எவ்வளவு பெரியது என்பதைத் தள்ளி வைத்துவிட்டு, இவரால் எவ்வளவு நேரம் தாங்க முடியும் என்று பார்க்கச் சொல்கிறது. இந்த வகைக் கேள்விகள் எங்கிருந்து வந்தன, எந்த விதிகளில் நிற்கின்றன, எங்கே தடுமாறுகின்றன என்பதைச் சென்னைப் புறநகரான பல்லாவரம், தாம்பரம் வட்டாரத்து வார்டுகளில் வரும் நோய்களை வைத்தே பார்க்கலாம்.

தேர்வுகள் மாறிய விதம்

செவிலியர் பயிற்சியில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. அரசு பொது மருத்துவமனையில் 1871இலேயே பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டது. ஆனால் இத்தனை காலமும் தேர்வு என்றால் எழுத்துத் தேர்வுதான்: வரையறை, காரணங்கள், அறிகுறிகள், சிக்கல்கள், பராமரிப்பு.

2012இல் தமிழக அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தை அமைத்தது. அரசு மருத்துவமனை வேலைக்குக் கொள்குறி வினாத் தேர்வு எழுத வேண்டும் என்ற நிலை அதற்குப் பிறகு வந்தது. 2020இல் எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான பொதுத் தேர்வான நார்செட் வந்தது. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். பின்னர் அது முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டங்களாகப் பிரிந்தபோது, முதன்மைத் தேர்வில் நோயாளியின் நிலையை விவரித்துக் கேட்கும் கேள்விகளுக்கு எடை கூடியது.

அமெரிக்காவின் செவிலியர் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் 1994 முதல் கணினி வழியில் நடக்கிறது. முந்தைய விடையைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் கூடும், குறையும். 2023 ஏப்ரல் 1 முதல் அதன் வடிவம் மாறியது. ஒரே நோயாளியின் கேஸ் ஷீட்டை வைத்து ஆறு படிகளில் கேட்கிறார்கள்: குறிப்புகளைக் கண்டுகொள்வது, அவற்றுக்குப் பொருள் காண்பது, எது முக்கியம் என்று வரிசைப்படுத்துவது, தீர்வுகளை யோசிப்பது, செயல்படுவது, பலனைச் சரிபார்ப்பது. முன்னுரிமைக்கென்று ஒரு படியே தனியாக இருக்கிறது. வளைகுடா நாடுகளின் உரிமத் தேர்வுகளிலும் இவ்வகைக் கேள்விகள் உண்டு. குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ நான்காம் ஆண்டு படிக்கும் மாணவிக்கு இவை எல்லாமே ஒரே நேரத்தில் கண்முன் நிற்கின்றன. அரசு வேலை, எய்ம்ஸ், வெளிநாடு, எந்தப் பக்கம் திரும்பினாலும் "முதலில் யார்?" என்ற கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நான்கு விதிகளும் அவற்றின் எல்லைகளும்

பயிற்சி மையங்கள் சொல்லித்தரும் விதிகளைத் தொகுத்தால் நான்குக்குள் அடங்கும்.

முதலாவது ஏ, பி, சி: மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம். 1950களில் பீட்டர் சஃபார் என்ற மயக்க மருந்து நிபுணர் உயிர்மீட்புக்கு வகுத்த வரிசை இது. 1976இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அறுவை மருத்துவர் ஓட்டிச்சென்ற சிறு விமானம் விழுந்தது. மனைவி இறந்தார், பிள்ளைகள் காயமடைந்தனர். அவர்களுக்குக் கிடைத்த சிகிச்சையின் தரத்தைப் பார்த்து அவர் கொதித்ததிலிருந்து பிறந்ததுதான் விபத்துச் சிகிச்சைக்கான இன்றைய ஏ முதல் இ வரையிலான முறை. இந்த வரிசைக்கு அடியில் இருப்பது நேரக் கணக்கு. மூச்சுப்பாதை முழுதும் அடைத்தால் மூளைக்குச் சில நிமிடங்கள்தான். அதனால்தான் கணக்கு மாறும் இடத்தில் வரிசையும் மாறுகிறது. திடீரென்று இதயம் நின்றவரின் ரத்தத்தில் இன்னும் சில நிமிடங்களுக்கு ஆக்சிஜன் இருக்கும், அதை ஓடவைப்பதே முதல் தேவை என்பதால் அமெரிக்க இதயச் சங்கம் 2010இல் சி, ஏ, பி என்று மாற்றியது. தொடையிலிருந்து ரத்தம் பீறிட்டால் அதை அழுத்திப் பிடித்த பிறகுதான் மற்றது. எழுத்துகளை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இவை முரண்பாடுகளாகத் தெரியும். நேரத்தைப் பிடித்துக்கொண்டவருக்கு இவை ஒரே விதி.

இரண்டாவது உளவியலாளர் மாஸ்லோவின் விதி. 1943இல் அவர் எழுதிய தேவைகளின் படிநிலையைக் காட்டி, உடல் தேவை முதலில், மனம் பிறகு என்று கற்றுத்தருகிறார்கள். இதை இயந்திரமாகப் பிடித்தால் ஆபத்து. பல வாரங்களாக மனச்சோர்வில் முடங்கிக் கிடந்தவர் இன்று திடீரென்று தெளிவாக, சிரித்த முகமாக இருக்கிறார். கைக்கடிகாரத்தைப் பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். நான்கு ஆப்ஷன்களில் இவர்தான் முதலில். தற்கொலை முடிவு எடுத்துவிட்டவரிடமும் இப்படியொரு அமைதி வரும். மன நோயாளி என்பதால் கடைசியில் தள்ளுகிறவர் மதிப்பெண்ணை இழப்பார். வார்டில் என்றால் இழப்பு வேறு.

மூன்றாவது, செய்வதற்கு முன் மதிப்பிடு என்பது. தகவல் போதாத இடத்தில் இது சரி. போதுமான தகவலைக் கேள்வியே தந்துவிட்டால் மறுபடி மதிப்பிடுவது தாமதம்.

நான்காவது, எதிர்பார்த்ததைவிட எதிர்பாராதது முந்தும், நாள்பட்டதைவிடப் புதியது முந்தும் என்பது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிக்கு சாச்சுரேஷன் 89 என்றால் அவருக்குரிய இலக்கான 88 முதல் 92க்குள் இருக்கிறார். நேற்று இடுப்பு எலும்பு அறுவை முடிந்தவருக்கு இன்று திடீரென்று அதே 89 என்றால் ஓட வேண்டும். எண் ஒன்றுதான், எந்த உடம்பில், எந்த வேகத்தில் வந்தது என்பது வேறு.

நம் வட்டார வார்டுகள் சொல்வது

இறக்குமதியான பயிற்சிப் புத்தகங்களில் நம் மழைக்கால வார்டு வராது. அதனால் டெங்குவிலிருந்து தொடங்குவோம். நான்கு நோயாளிகள். ஒருவருக்கு இரண்டாம் நாள் காய்ச்சல், 103 டிகிரி, உடம்பெல்லாம் வலி. இன்னொருவருக்கு பிளேட்லெட் 60,000. சாப்பிடுகிறார், சிறுநீர் நன்றாகப் போகிறது. மூன்றாமவருக்கு ஐந்தாம் நாள். இன்று காலை காய்ச்சல் விட்டுவிட்டது, வயிறு வலிக்கிறது என்கிறார், கை கால் சில்லென்று இருக்கிறது, பி.பி. 100/84. நான்காமவருக்கு ஏழாம் நாள். தோலில் தடிப்பும் அரிப்பும், வீட்டுக்குப் போகத் துடிக்கிறார்.

103 கண்ணை இழுக்கும். பிளேட்லெட் எண்ணிக்கை உறவினர்களின் கவலையை இழுக்கும். விடை மூன்றாமவர். டெங்குவின் அபாயக் கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசியும். உடல் குழாய்களை இறுக்கி மேல் எண்ணைத் தாங்கிப் பிடிக்கும். அதனால் மேல் எண் நார்மல் மாதிரியே தெரியும், கீழ் எண் ஏறி அதை நெருங்கும். இரண்டுக்கும் இடையே 20 அல்லது அதற்குக் கீழ் என்றால் அதிர்ச்சி நிலை. இவருக்கு 16. "காய்ச்சல் விட்டாச்சு சிஸ்டர், எப்போ வீட்டுக்கு அனுப்புவீங்க?" என்று கேட்பவரின் பி.பி.யில் கழித்தல் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் அடுத்தது குரோம்பேட்டை, அதற்கடுத்தது சானடோரியம். அந்த நிலையத்துக்குப் பெயர் தந்த காசநோய் மருத்துவமனையை டேவிட் சௌரி முத்து 1928இல் தொடங்கினார். இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காசநோயின் சிக்கல்களில் இருமலில் ரத்தம் வருவதும் ஒன்று என்று எல்லோரும் எழுதுவார்கள். பெருமளவு ரத்தம் கக்குபவரைக் கொல்வது எது என்று கேட்டால், ரத்த இழப்பு என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் கொல்வது மூச்சுத் திணறல். கசியும் ரத்தம் நல்ல நுரையீரலுக்குள்ளும் பாய்ந்து அடைத்துவிடும். அதனால் "முதலில் என்ன செய்வீர்கள்?" என்பதற்கு விடை, ரத்தம் கசியும் நுரையீரல் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சுப்பாதையைக் காப்பது. ஊசி போட்டு டிரிப்ஸ் ஏற்றுவது அதையடுத்து. சி போலத் தோன்றும் சிக்கல் உண்மையில் ஏ.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பல்லாவரம் வட்டாரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று பலர் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இறப்புகளும் நேர்ந்தன. குடிநீரில் கழிவுநீர் கலந்ததா என்ற சர்ச்சை பல நாள் ஓடியது. ஒரே நோயோடு ஒரே நேரத்தில் பலர் வரும்போது நோயின் பெயரை வைத்து யாரையும் முன்னே நிறுத்த முடியாது. குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி இதைத் தெளிவாகப் பிரித்துத் தருகிறது. எரிச்சலோடு அழுகிற, தண்ணீரைக் கண்டால் பாய்ந்து குடிக்கிற பிள்ளைக்கு நீரிழப்பு ஓரளவுதான்; உப்புச் சர்க்கரைக் கரைசல் போதும். துவண்டு கிடக்கிற, குடிக்க முடியாத, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் இரண்டு விநாடிக்கு மேலாகியும் சுருக்கம் மாறாத பிள்ளைக்கு உடனே நரம்பு வழியாக ரிங்கர் லாக்டேட் போக வேண்டும். மொத்தம் கிலோவுக்கு 100 மில்லி. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அதில் முதல் 30 மில்லி அரை மணி நேரத்தில். அழும் பிள்ளையின் தாய் டெஸ்க்குக்கு வந்து சத்தம் போடுவார். சத்தமே போடாமல் கிடக்கும் பிள்ளைதான் முதலில்.

ஜி.எஸ்.டி. சாலை விபத்துகள் இன்னொரு பாடம். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று இதே சாலையில் உள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. தொடை எலும்போ கணைக்கால் எலும்போ முறிந்தவரின் சிக்கல்களை அந்த 48 மணி நேரத்திலும் அதைச் சற்றுத் தாண்டியும் பரப்பிப் பார்க்கலாம். முதல் மணிகளில் ரத்த இழப்பு. அதையடுத்து, மாவுக்கட்டுக்குள் தசை வீங்கி இறுகும் நிலை: வலி ஊசிக்கும் அடங்காத வலி, விரலை லேசாக நீட்டிவிட்டாலே அலறல். சில மணி நேரம் விட்டால் தசை செத்துவிடும். 24 முதல் 72 மணிக்குள் கொழுப்புத் துகள் நுரையீரலுக்குப் போய் அடைப்பது: மூச்சு வாங்கல், குழப்பமான பேச்சு, மார்பிலும் அக்குளிலும் சிறு ரத்தப் புள்ளிகள். "வலிக்குது" என்பவரும் "ஒரு மாதிரி பேசறாரு" என்று மனைவி சொல்பவரும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இருந்தால், முதலில் இரண்டாமவர். ஆனால் முதலாமவருக்கும் மணி ஓடிக்கொண்டிருக்கிறது.

விதிகள் மோதும் இடம்

ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது குளிர் நடுக்கம், முதுகு வலி. ஆப்ஷன்கள்: பி.பி. பார்ப்பது, டாக்டரைக் கூப்பிடுவது, ஆக்சிஜன் வைப்பது, ரத்தத்தை நிறுத்துவது. "மதிப்பிடு முதலில்" என்பவர் பி.பி.யைத் தேர்வார், "ஏ, பி, சி" என்பவர் ஆக்சிஜனை. சரியான விடை நிறுத்துவது. பி.பி. பார்க்கும் ஒவ்வொரு நொடியிலும் கெடுதல் சொட்டுச் சொட்டாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. நிறுத்திவிட்டு, புது செட்டில் சலைன் போட்டு நரம்பைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றவை.

பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு, கருப்பை தொளதொளவென்று இருக்கிறது என்றால் விடை அதை அழுத்தித் தேய்த்துச் சுருங்கவைப்பது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் காரணம் விளங்கிவிடும். ஆனால் ஆராய்ச்சி இந்தக் கேள்வியின் வடிவத்தையே அசைத்துவிட்டது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் நடந்து 2023இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில், அளவு குறித்த விரிப்பில் ரத்தத்தை அளந்து சீக்கிரமே கண்டுபிடித்து, தேய்ப்பது, ஆக்சிடோசின், டிரானெக்ஸாமிக் ஆசிட், டிரிப்ஸ், பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார்கள். ஒன்றைச் செய்து பார்த்து, பலிக்கவில்லை என்றால் அடுத்தது என்ற பழைய முறையை விட்டார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, மரணம் ஆகியவை சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. "முதலில் எது?" என்று கேட்டுப் பழகிய மாணவிக்கு "எல்லாம் சேர்த்து" என்ற விடை எந்த ஆப்ஷனிலும் கிடைக்காது.

இன்னொரு சிக்கல், விடைகளே ஒத்துப்போகாதது. கர்ப்பகால வலிப்புக்கு மெக்னீசியம் சல்ஃபேட் போடும்போது எந்த மூச்சு எண்ணிக்கைக்குக் கீழ் அடுத்த டோஸை நிறுத்த வேண்டும்? உலக சுகாதார நிறுவனக் கையேடு நிமிடத்துக்கு 16 மூச்சாவது இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்கப் பயிற்சி நூல்கள் 12 என்கின்றன. நோயாளிக்கு 14 என்று கேள்வி வந்தால், எழுதுவது எந்தத் தேர்வு என்பதைப் பொறுத்து விடை மாறும். அதைவிட முக்கியமானது, மூச்சு குறைவதற்கு முன்பே முழங்கால் அனிச்சை போய்விடும் என்பது. அதைத் தட்டிப் பார்க்கிறவருக்கு 12ஆ 16ஆ என்ற சண்டைக்கு முன்பே எச்சரிக்கை கிடைத்துவிடும்.

பயிற்சிக் கேள்விகளின் குறைகள்

டெலிகிராம் குழுக்களிலும் கைடுகளிலும் புழங்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குக் கீழே விடை எழுத்து மட்டும் இருக்கும். மற்ற மூன்றும் ஏன் பின்னுக்குப் போகின்றன என்ற விளக்கம் இருக்காது. ஆயிரம் கேள்வி போட்டாலும் இப்படிப் போட்டால் பழகுவது சொல் வேட்டைதான்: "ஸ்ட்ரைடர்" என்று கண்டால் டிக், "மூச்சு வாங்குகிறது" என்று கண்டால் டிக். வார்டில் நோயாளி அந்தச் சொற்களில் பேசுவதில்லை. "படபடன்னு வருது", "என்னமோ பயமா இருக்கு சிஸ்டர்" என்பார். கேள்வித்தாள் குறிப்புகளைப் பொறுக்கி எடுத்துக் கையில் தந்துவிடுகிறது. பொறுக்கி எடுப்பதுதான் வேலையின் பாதி.

எண்களைக் கூட்டி மதிப்பெண் போடும் எச்சரிக்கை முறைகள் இதற்கு உதவும். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய நியூஸ் அட்டையில் மூச்சு, சாச்சுரேஷன், மேல் பி.பி., நாடி, நினைவு, வெப்பம் ஆகியவற்றுக்குப் புள்ளி உண்டு. 7 வந்தால் அவசர நிலை. ஆனால் மேலே சொன்ன டெங்கு நோயாளியின் பி.பி. 100க்கு அதில் 2 புள்ளிதான். கீழ் எண்ணை அந்த அட்டை பார்ப்பதே இல்லை. எந்த நோய், எந்த நாள் என்று தெரிந்தவர் கையில்தான் அட்டையும் பயன்படும்.

இந்தத் திறன் உயிரைக் காக்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 84,730 அறுவை நோயாளிகளை வைத்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, இறப்பு குறைந்த மருத்துவமனைகளிலும் மிகுந்த மருத்துவமனைகளிலும் சிக்கல்கள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் நேர்கின்றன என்று கண்டது. பெரிய சிக்கல் நேர்ந்தவர்களில் இறந்தவர்கள் மட்டும் ஒரு பக்கம் 12.5 சதவீதம், மறுபக்கம் 21.4 சதவீதம். சிக்கல் எங்கும் வரும். அதைச் சீக்கிரம் கண்டு கைகொடுப்பதில்தான் வேறுபாடு.

அதே சமயம், பழியை முழுதும் செவிலியரின் மூளைமேல் போட்டுவிடக் கூடாது. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை வைத்து லிண்டா ஐக்கன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடக்கூட, 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. போதனா மருத்துவமனைப் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒருவர், மற்றவற்றில் 5க்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். தேர்வுத்தாளில் எப்போதும் ஒரு செவிலியரும் நான்கு நோயாளிகளும்தான். இரவு டியூட்டியில் அந்த நான்கு பேருக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் இருந்தால், முன்னுரிமை என்பது பங்கீடாகச் சுருங்கிவிடும்: யாருக்கு இன்று பராமரிப்பு கிடைக்காது என்று முடிவு செய்யும் வேலை.

செய்யக்கூடியவை

படிப்பவர்கள் ஒவ்வொரு சிக்கல் பட்டியலையும் கடிகாரப்படி திருப்பி எழுதலாம். தைராய்டு அறுவை என்றால் முதல் 24 மணி நேரத்தில் கழுத்துக்குள் ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை நெரிப்பது, ஒன்று இரண்டு நாளில் கால்சியம் குறைந்து உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, வாரங்கள் கழித்து ஹார்மோன் குறைவு. ஒரு கேள்விக்கு விடை தெரிந்த பிறகு அதில் ஒன்றிரண்டு விவரங்களை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். டெங்கு நோயாளியின் பி.பி. 100/84க்குப் பதில் 110/70 ஆகி, கை கால் சூடாக இருந்தால் இன்னும் அவர்தான் முதலா? அப்போது யார்? விடை எப்போது மாறும் என்று சொல்லத் தெரிந்தால்தான் அந்தக் கேள்வி படித்து முடிந்தது.

ஆசிரியர்கள் மாணவிகள் போய்வரும் வார்டுகளிலிருந்தே கேள்விகளை எழுதலாம், பெயரும் அடையாளமும் நீக்கி, தவறான மூன்று விடைகளுக்கும் காரணத்தோடு. பல்கலைக்கழகத் தேர்வைக் கலைத்துப்போட வேண்டியதில்லை. "சிக்கல்களை எழுதுக" என்ற பழைய கேள்வியோடு ஒரு வரி சேர்த்தால் போதும்: "இவற்றில் எதற்கு உடனே டாக்டரைக் கூப்பிடுவீர்கள், அவர் வரும்வரை என்ன செய்வீர்கள்?" அதற்கு இரண்டு மதிப்பெண் ஒதுக்கினால் நான்கு ஆண்டுகளும் மாணவிகள் பட்டியலை அந்தக் கண்ணோடு படிப்பார்கள். கடைசி ஆறு மாதத்தில் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டிக் கற்றுக்கொள்ளும் பாடம், முதல் ஆண்டு வகுப்பறையிலேயே தொடங்கிவிடும்.